கோர்ட்டில் அவளோடு யார் இருந்தாங்க?

அம்மா,

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று ஆலோசனை கேட்கச் சனிக்கிழமை நீங்கள் நால்வரும் என்னிடம் வந்து போன பிறகு, சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார், உங்கள் கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார், நீங்கள் அந்தக் கட்டண விவரத் தாளை மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மகள் இரண்டே முறை வாய் திறந்தாள். "பயப்படாதீங்க, இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அது ஆறுதலுக்காகச் சொன்னது. பத்தாம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றால் நேரம் ஒன்றும் அதிகமில்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

படிப்பைக் குறை சொல்லவில்லை. பிடித்துப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்புதான். உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை, கணக்குப் பாடத்தில் இரண்டு வருடமாகத் திணறியிருக்கிறாள், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாக ஒதுக்கீட்டில்தான் இடம் கிடைக்கிறது. கட்டணமும் விடுதியும் சேர்த்து நான்கு வருடத்துக்கு 20 லட்சம் என்று நீங்களே கணக்குப் போட்டு வந்தீர்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்து அந்தத் தொகையைப் 10 சதவீத வட்டியில் வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 26,000 ரூபாயைத் தாண்டும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 31 லட்சத்துக்கு மேல். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் பிடிக்காத வேலைக்குப் போய் இந்தத் தவணையைச் சுமக்க வேண்டும். வேலை தாமதமானால் உங்கள் கணவர் சுமக்க வேண்டும், அவர் ஓய்வு பெற ஆறு வருடம்தான் இருக்கிறது. பெரியப்பா ஐந்து லட்சம் கைமாற்றாகத் தருகிறேன் என்றது நல்ல மனதுதான். ஆனால் அதுவும் கடன்தான். பணம் தந்தவர் அடுத்த முடிவிலும் பேச வருவார், அதையும் யோசியுங்கள்.

இனி உங்கள் மகள் பேசிய அந்த இரண்டு இடங்களுக்கு வருகிறேன். நீங்கள் மூவரும் அவற்றைக் கடந்து போய்விட்டீர்கள், எனக்கு அவைதான் முக்கியமாகப் பட்டன.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பாடம் சொல்லித் தருகிறாள் என்றீர்கள், ஏதோ பொழுதுபோக்கு மாதிரி. அங்கே ஒரு குழந்தை கோர்ட்டுக்குப் போய் வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்ததாம். "கோர்ட்டில் அவளோடு யார் இருந்தாங்கன்னு கேட்டேன் சார், யாருக்கும் சரியாகத் தெரியலை" என்றாள். முதல் முறை பேசியது அது. "என்ன வழக்கு?" என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதுதான். "அதைச் சொல்லக்கூடாது சார்" என்றாள். அது இரண்டாவது முறை. பதினேழு வயதில், பெரியவர்கள் நிறைந்த அறையில், கேட்டவரிடம் மறுத்துவிட்டு ஒரு குழந்தையின் ரகசியத்தைக் காப்பாற்றினாள். இதைச் சொல்லிக் கொடுத்து வரவைக்க முடியாது. நான் மதிப்பெண் பட்டியலை மூடி வைத்தது அப்போதுதான்.

அவள் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலே ஒரு வேலையும்கூட.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன் கீழ் 2020-ல் வந்த விதிகளில் சப்போர்ட் பர்சன் என்று ஒருவர் வருகிறார். தமிழில் ஆதரவு நபர். புகார் பதிவானதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை கூடவே இருக்க அந்தக் குழு ஒருவரை நியமிக்கலாம். குழந்தை உரிமைக்காக வேலை செய்கிற தனிநபராகவோ அமைப்பாகவோ இருக்கலாம், இல்லத்தின் அலுவலராக இருக்கலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், இப்படி ஒரு உதவி உண்டு, அதைக் கேட்டுப் பெற உரிமை உண்டு என்பதை ஒவ்வொரு வழக்கிலும் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. யார் இந்த வேலைக்குத் தகுதி என்பதையும் அதே தீர்ப்பில் வைத்தது: சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி ஆகியவற்றில் ஒன்றில் முதுகலை, அல்லது ஏதாவது ஒரு பட்டத்தோடு குழந்தைக் கல்வியிலோ பாதுகாப்பிலோ குறைந்தது மூன்று வருட அனுபவம்.

இந்த வேலை நாளுக்கு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏனென்றால் "கோர்ட்டு, ஸ்டேஷன்னு அலையணுமா" என்று நீங்கள் கேட்டபோது உங்கள் மனதில் இருந்த படம் வேறு.

முதல் வேலை கேட்பது இல்லை, சொல்வது. இனி என்ன நடக்கும், யார் வருவார்கள், ஒரே விஷயத்தை ஏன் மறுபடி கேட்பார்கள் என்று குழந்தைக்கும் தாய்க்கும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது, குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், இரவில் எந்தக் குழந்தையையும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது, பாதிக் குடும்பங்களுக்குத் தெரியாது. கூட இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் தணிந்த குரலில் நினைவூட்ட முடியும். மருத்துவப் பரிசோதனை பெண் குழந்தைக்குப் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும், நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

அப்புறம் வருவது காத்திருப்பு. சாட்சியம் 30 நாளில், வழக்கு கூடுமானவரை ஒரு வருடத்தில் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுத்துக்கொண்டு போவது உண்டு. அந்தக் காலம் முழுக்க அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகிறதா, தூங்குகிறதா, தெருவில் யாராவது மிரட்டுகிறார்களா, தாய் கூலி வேலையை இழந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குப் பணம் பெற்றுத் தரவும், இடைக்கால இழப்பீடு கேட்கவும் விதிகளில் வழி இருக்கிறது, அதை ஞாபகப்படுத்த ஆள் வேண்டும். வழக்கு முடியும் வரை மாதம் ஒருமுறை குழந்தையின் நிலையை, குடும்பச் சூழலை, மனம் தேறி வருகிறதா என்பதை நலக் குழுவுக்கு அறிக்கையாக எழுதித் தர வேண்டும். ஆகவே தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். உங்கள் மகளின் தமிழ் விடைத்தாளைப் பார்த்தேன், அவளுக்கு அது வரும்.

கோர்ட் நாள். முன்கூட்டியே ஒரு நாள் குழந்தையைக் கூட்டிப்போய்க் காலியான அறையைக் காட்டுவது நல்ல வழக்கம்: நீதிபதி இங்கே உட்காருவார், நீ இங்கே, தண்ணீர் இங்கே இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக்கூடாது, கதவு மூடிய விசாரணையாக நடக்க வேண்டும். வழக்கறிஞர்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் குழந்தையிடம் கேட்பார். களைத்தால் இடைவேளை கேட்கலாம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு குழந்தை அவசர அவசரமாகப் பதில் சொல்லிவிடும் அம்மா. அதைக் கவனித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் சாட்சியமே வேறு மாதிரி போகும்.

செய்யக் கூடாததும் இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கவே கூடாது. வழக்கு ஜெயிக்கும் என்று வாக்குத் தரக்கூடாது. கேட்டதை வீட்டில்கூடப் பேசக்கூடாது. உங்கள் மகள் ஏற்கெனவே கற்றுவைத்திருப்பது இதைத்தான்.

"அப்படியானால் வக்கீலுக்குப் படிக்கட்டுமே, மரியாதையாவது இருக்கும்" என்று பெரியப்பா சொன்னார். மதிப்பான தொழில்தான். ஆனால் அரசு வழக்கறிஞர் அரசுக்காக வாதாடுகிறார், அவர் மேசையில் அன்றைக்கே பல கட்டுகள் இருக்கும். குழந்தையோடு வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. உங்கள் மகள் கேட்டது வாதாடுவதைப் பற்றி அல்ல, கூட இருப்பதைப் பற்றி.

இது ஏதோ இங்கே மட்டும் உள்ள யோசனையும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் 1977-ல் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளின் வாழ்க்கையை முடிவு செய்யத் தன் கையில் போதிய தகவல் இல்லையே என்று தவித்து, ஊரில் உள்ள சாதாரண மக்களைத் தன்னார்வலர்களாகப் பயிற்சி கொடுத்து நியமித்தார். காஸா (CASA, நீதிமன்றம் நியமிக்கும் சிறப்பு ஆதரவாளர்) என்ற பெயரில் அது அந்த நாடு முழுக்கப் பரவியது. அங்கே அந்தத் தன்னார்வலர் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதியிடம் தன் பரிந்துரையையே வைப்பார். நம் ஆதரவு நபருக்கு அவ்வளவு இடம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பல பேர் வந்து போகும் வழக்கில், மாறாமல் ஒரே முகம்.

வருமானத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். ஆதரவு நபருக்குத் தரும் தொகை, திறன் பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. அவ்வளவுதான். வழக்குக்கு வழக்கு வருகிற அந்தப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மாவட்டப் பாதுகாப்பு அலகின் வேலைகளில் நிறையவும் ஒப்பந்த முறைதான், தொகுப்பூதியம்தான். அதனால் இதை ஒற்றை வேலையாகப் பார்க்காமல் ஒரு துறையாகப் பாருங்கள். முதுகலை முடித்தவர் பாதுகாப்பு அலகில், மருத்துவமனையில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில், பள்ளி ஆலோசனையில், தொண்டு நிறுவனங்களில் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டே இந்தப் பணியையும் செய்யலாம். ஏழு வருட அனுபவம் சேர்ந்து, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராகவோ, குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களின் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவருக்குப் பக்கத்தில் அமரும் சமூகப்பணி உறுப்பினராகவோ விண்ணப்பிக்கலாம். முதல் ஐந்து வருடம் சம்பளம் கம்மிதான். கடன் இல்லாத பெண்ணால் கம்மிச் சம்பளத்தில் ஐந்து வருடம் ஓட்ட முடியும். மாதம் 26,000 தவணை உள்ள பெண்ணால் முடியாது. வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

படிப்பு விஷயம். பி.எஸ்.டபிள்யூ என்கிற சமூகப்பணி இளங்கலை அல்லது உளவியல் இளங்கலை, ஊருக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரியிலேயே. அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று சேர்க்கை மேசையிலேயே கேளுங்கள். ஒரே வளாகத்தில் ஒரே பாடத்துக்கு இரண்டு கட்டணம் இருக்கும், கேட்காதவர்கள் அதிகம் கட்டுகிறார்கள். பிறகு எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை: 1952 முதல் சென்னையில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா, கோவை பி.எஸ்.ஜி கலை அறிவியல் கல்லூரி என்று நம் மாநிலத்திலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. நன்றாகப் படித்தால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்கும் முயலலாம். எந்தக் கல்லூரி என்றாலும் களப்பணியைப் பற்றி விசாரியுங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எந்த அமைப்புக்கு அனுப்புகிறார்கள், மேற்பார்வை பார்ப்பது யார். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

நீங்கள் கடைசியாக வாசலில் நின்று தனியாகக் கேட்டது ஒன்று இருக்கிறது. "இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவ மனசு கெட்டுப் போயிடாதா சார்?" அன்று வந்த கேள்விகளில் சரியான கேள்வி அதுதான். ஆமாம், பாதிக்கும். பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவர்களுக்குத் தூக்கம் கெடும், கோபம் வரும், சில நாள் ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போகும். அதனால்தான் நல்ல அமைப்புகளில் மூத்தவர் ஒருவரோடு வாரம்தோறும் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு இருக்கும். அது இல்லாத இடத்தில் அவள் வேலைக்குச் சேரக்கூடாது, இதில் நானும் உங்கள் பக்கம்தான். தன்னால் முடியவில்லை என்று ஒரு நாள் அவள் சொன்னால், "அப்பவே சொன்னோமே" என்று யாரும் சொல்லாத வீடாகவும் அது இருக்க வேண்டும். உளவியலும் சமூகப்பணியும் படித்தவள் வேறு பக்கம் திரும்ப நிறைய இடம் உண்டு.

கல்யாணத்துக்கு வரன் வராது என்று பெரியப்பா சொன்னதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவளுக்குப் பதினேழு வயது.

வெள்ளிக்கிழமை மாலை அவளை மட்டும் அனுப்பி வையுங்கள். மாற்றுச் சான்றிதழின் நகல், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், இரண்டு புகைப்படம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், ஆதாரோடு இணைந்த வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொன்னீர்களே, அதை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அங்கே அந்தக் குழந்தைக்கு அடுத்த வாரமும் பாடம் இருக்கும்.