மீண்டும் கூழாகக்கூடிய காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

கடையில் எல்லாக் காகிதக் கட்டுகளிலும் பச்சை இலைப் படம் போட்டிருக்கிறது, இவற்றுள் உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு உகந்தது எது என்று ஒரு சாதாரண நுகர்வோர் எப்படி அறிவது, அதற்கு விலை கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தாள், குறிப்பேடு, உறை முதலியவற்றை வாங்குவதும், கல்வியாண்டு முடிந்தபின் பழையவற்றை எடைக்குப் போடுவதும் என் பொறுப்பு. இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பதால், காகிதம் எதிலிருந்து வந்தது என்று கேட்பதோடு, நம் கையை விட்டுப் போனபின் அது மறுபடியும் காகிதமாக முடியுமா என்றும் கேட்க வேண்டும் என்பது எனக்கு உறுதிப்பட்டது. முதல் கேள்விக்கு விடை காண முத்திரைகளைப் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு உங்கள் விரல்களே போதும். அதனால் இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளிக்கு வரும் பழைய பேப்பர் கடை அண்ணாச்சி, மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே பிரித்து, சிலவற்றை விரலால் தடவிப் பார்த்து ஓரமாகப் போட்டுவிடுவார். பளபளப்பான கல்யாணப் பத்திரிகை, பிளாஸ்டிக் பூசிய புத்தக அட்டை, டீ குடித்த பேப்பர் கப், பெட்ரோல் பங்க் ரசீது ஆகியவை அந்தக் குவியலில் சேரும். “சார், இது தண்ணியில ஊறாது. இது கலந்து கெடந்தா மில்லுல மொத்த லோடுக்கும் வெலையக் கொறைச்சிருவாங்க” என்பார். ஆலையில் பழைய தாளைப் பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுச் சுழற்றுகிறார்கள். வெறும் தாள் இழை இழையாகப் பிரிந்து கூழாகிவிடும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம் பிரியாமல் கந்தல் கந்தலாகச் சல்லடையை அடைக்கும். படலம் ஒட்டிய தாளைப் பிரித்தெடுக்கத் தனி ஏற்பாடு உள்ள ஆலைகளும் உண்டு, ஆனால் நம் ஊர்க் கடைகளிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழி எளிதாக இல்லை.

ஆகவே வாங்கும்முன் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். பூச்சு இல்லாத தாள் கிழியும்போது விளிம்பில் பஞ்சு போன்ற இழைகள் தெரியும். படலம் ஒட்டியிருந்தால் தாள் கிழிந்த பிறகும் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் இழுபட்டு நீளும். ரசீதுக்கு வேறொரு சோதனை இருக்கிறது. நகத்தால் அழுத்திக் கீறினால் கருப்புக் கோடு விழும் தாள், வெப்பத்தால் அச்சாகும் ரசாயனப் பூச்சுத் தாள். அதில் உடலின் ஹார்மோன்களைக் குலைக்கக்கூடிய பிஸ்பீனால் வகைப் பொருள்கள் இருப்பது வழக்கம் என்பதால் அதைப் பழைய தாளோடு கலக்கவே கூடாது, குழந்தைகள் கையிலும் கொடுக்க வேண்டாம். கைப்பேசிக்கு ரசீது அனுப்பும் வசதி உள்ள கடையில் அதையே கேட்டுப் பெறுவது நல்லது.

இந்தப் படலம் நம் வாழ்க்கையில் எத்தனை இடங்களில் நுழைந்துவிட்டது என்பதை ஜூன் மாதத்தில் பார்க்கலாம். பள்ளி திறந்ததும் புத்தகங்களுக்கு அட்டை போட பிரவுன் ஷீட் வாங்குகிறோம். முன்பெல்லாம் அது வெறும் பழுப்புத் தாள். வெளுக்காத கூழில் செய்யப்படுவதால் உறுதியானது. இப்போது சுருளாக விற்கப்படுவதில் பெரும்பகுதி, மழையில் நனையாது என்று சொல்லி ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசியது. ஒரு பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களும் குறிப்பேடுகளும் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு பள்ளியில் ஆண்டு முடிவில் கூழாகாத அட்டை எவ்வளவு குவியும் என்று எண்ணிப் பாருங்கள். பூசாத பழுப்புத் தாள் இன்றும் கிடைக்கிறது, பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். பெற்றோருக்கான சுற்றறிக்கையிலேயே “பிளாஸ்டிக் பூசாத பழுப்புத் தாள்” என்று நாங்கள் எழுதிவிடுகிறோம்.

கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கிற வழக்கம் நம்முடையது. லேமினேஷன் செய்த அட்டையில் அந்த மஞ்சள்கூடச் சரியாகப் பிடிப்பதில்லை. அச்சகத்தில் “லேமினேஷன் வேண்டாம்” என்று ஒரு சொல் சொன்னால் போதும், செலவும் குறையும். பேப்பர் கப்பைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் தட்டுகளும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களின் பட்டியலிலேயே உள்ளன. காகிதம் என்பதால் நல்லது என்று எண்ணி அதை வாங்க வேண்டாம். வாழை இலையும் ஓலைக் கொட்டானும் கிடைக்கிற ஊரில், சாப்பாட்டு விஷயத்தில் காகிதத்தைத் தேடவே வேண்டியதில்லை.

இனி காகிதம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நுகர்வோருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1979-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தாள் தயாரிக்கிறது. டி.என்.பி.எல். என்ற பெயரில் அந்தத் தாள் திருநெல்வேலியில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் கிட்டத்தட்ட 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். அதைக் காகிதமாக்குவது சிறந்த வழி என்றே கருதுகிறேன், இருந்தாலும் முழு விவரத்தையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்துத்தான் நீராவி எடுக்கின்றன, எனவே சக்கையைக் காகித ஆலை எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆலைக்கு வேறு எரிபொருள் கொடுத்தாக வேண்டும். சக்கையின் இழை குட்டையானது என்பதால் மரக்கூழையும் சேர்க்கிறார்கள்.

அந்த மரம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பியிருக்கும் தொழிற்சாலைகள் இயற்கைக் காட்டை எதிர்பாராமல் விவசாயிகளிடமிருந்து மூலப்பொருள் பெற வேண்டும் என்று வகுத்தது. இன்று இந்தியக் காகித ஆலைகளுக்குப் போகும் சவுக்கும் தைலமரமும் பெரும்பாலும் பட்டா நிலங்களில் பயிராக வளர்க்கப்பட்டவை. ஆகையால் “ஒரு தாள், ஒரு மரக்கிளை” என்பது போன்ற வாசகங்களை வைத்து முடிவெடுப்பதைக் காட்டிலும், இறக்குமதித் தாளாக இருந்தால் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்பது பொருத்தமானது. 1993-இல் தொடங்கப்பட்ட வனப் பொறுப்பாண்மை மன்றத்தின் எஃப்.எஸ்.சி. முத்திரை அங்கேதான் உதவுகிறது. அதில் மூன்று வகை உண்டு. “100%” என்றால் முழுவதும் சான்று பெற்ற காடுகளிலிருந்து வந்தது, “ரீசைக்கிள்டு” என்றால் முழுவதும் மறுசுழற்சிப் பொருள், “மிக்ஸ்” என்றால் கலப்பு. முத்திரைக்குக் கீழே சி என்ற எழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்ட உரிம எண் இருக்கும், அதை அந்த மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லாமல் மரப் படம் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பு இல்லை. 1991-இல் நம் மத்திய அரசு கொண்டுவந்த எக்கோமார்க் முத்திரையில் மண்பானைப் படம் இருக்கும். கடைகளில் அரிதாகவே கண்ணில் படுகிறது.

மறுசுழற்சித் தாளிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலையிலேயே வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் திரும்பக் கூழாக்கியதும் மறுசுழற்சி என்றே விற்கப்படுகிறது. மக்கள் பயன்படுத்திக் கழித்த தாளிலிருந்து வந்தது எத்தனை சதவீதம் என்று உறையில் போட்டிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை கூழாகும்போதும் இழை குட்டையாகி, ஐந்து முதல் ஏழு முறைக்குப் பின் தாளுக்கு உதவாமல் போகும் என்பதால் புதுக் கூழ் முற்றிலும் தேவைப்படாத நிலை வராது. அதனால்தான் கரும்புச் சக்கைத் தாளையும் மறுசுழற்சித் தாளையும் ஒன்றுக்கொன்று எதிராக நான் வைப்பதில்லை.

வெண்மையைப் பற்றி ஒரு சொல். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளுக்குக் கூடுதல் வெளுப்பும் ஒளிர்வூட்டும் ரசாயனமும் தேவை. குளோரின் வாயுவால் வெளுத்தால் டயாக்சின் உள்ளிட்ட நச்சுகள் உண்டாகி ஆலைக் கழிவுநீரில் சேரும். “இ.சி.எஃப்.” என்றால் அந்த வாயுவுக்குப் பதில் குளோரின் டை ஆக்சைடால் வெளுத்தது, “டி.சி.எஃப்.” என்றால் குளோரினே சேராமல் ஆக்சிஜன், ஓசோன், பெராக்சைடு கொண்டு வெளுத்தது. இவற்றில் ஒன்று உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நமக்கு, எங்கோ ஓர் ஆற்றங்கரையில் இருப்பவர்களின் தண்ணீரும் அவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக் கணக்குக்கும் மாணவர் பயிற்சிக்கும் சற்று மங்கிய வெள்ளைத் தாளே போதும், இரவில் படிப்பவர்களுக்கு அது கண்ணையும் உறுத்தாது.

விலைக்கு வருகிறேன். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் 16-இல் ஒரு பங்கு. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு 2.5 கிலோ. 70 ஜி.எஸ்.எம். கட்டு ஏறக்குறைய 2.2 கிலோதான். ஒவ்வொரு கட்டிலும் 300 கிராமுக்கு மேல் கூழ் மிச்சமாகிறது, விலையும் குறைகிறது. அலுவலகக் கடிதத்துக்கும் வினாத்தாளுக்கும் இருபக்கமும் அச்சிட 70 ஜி.எஸ்.எம். தாராளமாகப் போதும், பின்பக்கம் தெரிவதாகக் கருதினால் 75 வாங்கலாம். சான்று பெற்ற மறுசுழற்சித் தாள் நம் ஊர்க் கடைகளில் இருப்பில் இருப்பது குறைவு, சொல்லி வரவழைக்க வேண்டும், விலையும் கூடுதலாகவே இருக்கும். தாளின் எடையைக் குறைத்து, இரு பக்கமும் பயன்படுத்தி, லேமினேஷனை விட்டுவிட்டால் மிச்சமாகும் பணத்தில் அந்தக் கூடுதலைச் சமாளித்துவிடலாம் என்பது எங்கள் பள்ளிக் கணக்கு. தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு பெட்டியாக வரவழைத்தால் கடைக்காரரும் அடுத்த முறை இருப்பு வைக்கத் தயங்கமாட்டார்.