கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் லினக்ஸை மீண்டும் நிறுவ வேண்டுமா?

கேள்வி: என் மேசைக் கணினியில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பு இயங்குகிறது. அதிலுள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை எடுத்துவிட்டு, ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6600 பொருத்த நினைக்கிறேன். இயங்குதளத்தை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவச் சொல்கிறார் ஒரு நண்பர். அது அவசியமா?

பதில்: அவசியமில்லை. ஏஎம்டி கார்டுகளை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், விண்டோஸில் செய்வதுபோல் அதைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதியிலேயே ஒரு சிக்கலும் உண்டு: கார்டைவிடக் கெர்னல் பழையதாக இருந்தால், அந்தக் கார்டை அதற்கு அடையாளம் தெரியாது. உபுண்டு 20.04 வெளிவந்தபோது அதிலிருந்த கெர்னல் 5.4, உங்கள் புதிய கார்டோ 2021 அக்டோபரில்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே, பழைய கார்டு திரையில் படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, முக்கியமான கோப்புகளுக்கு நகலெடுத்துவிட்டு, 5.15 கெர்னலுடன் வரும் 22.04 பதிப்புக்கு மேம்படுத்திவிடுங்கள். கார்டை மாற்றியபின் இருண்ட திரையின் முன் அமர்ந்து இதைச் செய்வது பெரும் தொல்லை.

அடுத்து, என்விடியாவின் டிரைவர் தொகுப்புகளை அவற்றின் அமைப்புக் கோப்புகளுடன் சேர்த்து நீக்குங்கள். திரைக் காட்சியைக் கையாளும் எக்ஸ்ஆர்க் மென்பொருளின் பழைய அமைப்புக் கோப்பில் என்விடியா என்று எழுதியிருந்தால் அதையும் அகற்ற வேண்டும். இல்லாத கார்டைத் தேடித் திரை நின்றுவிடுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில், கணக்கீடுகளைக் கார்டிடம் ஒப்படைக்கும் குடா வசதியை நம்பி வேலை செய்பவராக இருந்தால், அது என்விடியாவுக்கு மட்டுமே உரியது என்பதால், வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். 1050 டிஐ 75 வாட்டுக்குள் இயங்குவதால், மதர்போர்டின் ஸ்லாட் தரும் மின்சாரமே அதற்குப் போதும். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட் தேவை. பவர் சப்ளையிலிருந்து எட்டு முனை இணைப்பும் கொடுக்க வேண்டும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டிலேயே செருகுங்கள்.

கணினி இயங்கியதும், அமைப்புகளில் 'பற்றி' பக்கத்தைப் பாருங்கள். அங்கே ரேடியான் என்று இருந்தால் வேலை முடிந்தது. எல்எல்விஎம்பைப் என்றிருந்தால், கார்டு சும்மா இருக்க, பிராசசரே படத்தை வரைகிறது என்று பொருள். அப்போது, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்பில் முன்பு எப்போதாவது சேர்த்த, கார்டின் டிரைவர் இயங்காமல் தடுக்கும் 'நோமோட்செட்' என்ற சொல் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, கணினியை மறுபடி தொடங்குங்கள்.