ஆய்வு முடிவுகளைக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் சொல்வது: கேள்வி பதில்

நுகர்வோர் ஆய்வின் முடிவுகளை அலுவலகக் கூட்டங்களில் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கப் பழகிவரும் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் நெடுங்காலம் அறிக்கை எழுதியவன் என்ற முறையில் இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு இலக்கணம் ஓரளவு வரும். ஆனாலும் இரண்டு நிமிடம் பேசிய பிறகும் விஷயத்துக்கு வரவில்லை என்று மேலாளர் குறைபட்டுக்கொள்கிறார். எங்கே தவறுகிறேன்?

ஆய்வை எப்போது நடத்தினோம், எத்தனை பேரைச் சந்தித்தோம், என்ன கேட்டோம் என்று செய்த வேலையின் வரிசையிலேயே நீங்கள் சொல்லிக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால்தான் நமக்கு இந்தப் பழக்கம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை, ஏனெனில் தமிழ்ச் செய்தித்தாள்களும் முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிடுகின்றன. 'தி மெயின் ஃபைண்டிங் இஸ் தட்' என்று தொடங்கி, 'மோர் தென் ஹாஃப் ஆஃப் தி பீப்பிள் வீ இன்டர்வியூட் ஃபவுண்ட் தி நியூ பேக் ஹார்ட் டு ஓப்பன்' என்று முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு 'திஸ் இஸ் பேஸ்ட் ஆன் ஃபோர் ஹண்ட்ரட் இன்டர்வியூஸ்' என்ற ஒரு வரி போதும். மற்ற விவரங்களைக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: சென்ற முறை 40 சதவீதத்தினர் திருப்தி தெரிவித்தார்கள், இம்முறை 50 சதவீதத்தினர். 'இன்க்ரீஸ்ட் பை டென் பர்சென்ட்' என்றேன். ஒருவர் தவறு என்று குறுக்கிட்டார்.

அவர் குறுக்கிட்டது சரிதான். 40 என்பது 50 ஆனால் வேறுபாடு 10 சதவீதப் புள்ளிகள்; சதவீதக் கணக்கில் பார்த்தால் அது 25 சதவீத உயர்வு. எனவே 'ரோஸ் பை டென் பர்சென்டேஜ் பாயின்ட்ஸ், ஃப்ரம் ஃபார்ட்டி டு ஃபிஃப்டி பர்சென்ட்' என்று சொன்னால் ஐயத்துக்கு இடமிருக்காது. 'பை', 'டு' குழப்பத்துக்குத் தமிழே வழிகாட்டும். '50 சதவீதமாக உயர்ந்தது' என்பதில் 'ஆக' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'டு' செய்கிறது. '10 புள்ளிகள் உயர்ந்தது' என்று ஒட்டில்லாமல் நாம் சொல்லுமிடத்தில் 'பை' வருகிறது. பெயர்ச்சொல்லாக மாற்றினால் 'ஆன் இன்க்ரீஸ் ஆஃப் டென் பாயின்ட்ஸ் இன் சாடிஸ்ஃபேக்ஷன்' என்றாகும்: 'ஆஃப்' அளவைக் குறிக்கும், 'இன்' எது உயர்ந்தது என்பதைக் குறிக்கும்.

கேள்வி: 45 சதவீதத்தினர் ஆம், 35 சதவீதத்தினர் இல்லை, 20 சதவீதத்தினர் தெரியாது. ஆம் என்றவர்களை 'மெஜாரிட்டி' எனலாமா?

கூடாது, பாதியைத் தாண்டினால்தான் அந்தச் சொல் பொருந்தும். 'தி லார்ஜெஸ்ட் குரூப்' என்று சொல்லுங்கள். 51 சதவீதத்தை 'மோஸ்ட்' என்று சொல்வதும் எனக்கு உவப்பில்லை. 'ஜஸ்ட் ஓவர் ஹாஃப்' என்பதே நேர்மையானது.

கேள்வி: 70 சதவீதத்தினர் வாங்குவார்கள் என்பதை 'செவன்டி பர்சென்ட் வில் பை' என்று எழுதினேன். மேலாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வில் யாரும் எதையும் வாங்கவில்லை. வாங்குவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழில் 'என்று' என்ற சிறு சொல் அந்தக் கூற்றின் பொறுப்பைச் சொன்னவரிடமே நிறுத்திவிடுகிறது. ஆங்கிலத்தில் அதே காவலை 'செட் தே வுட்' என்பது செய்ய வேண்டும்: 'செவன்டி பர்சென்ட் ஆஃப் ரெஸ்பாண்டன்ட்ஸ் செட் தே வுட் பை இட்.' இதில் இரண்டு மாற்றங்களைக் கவனியுங்கள். பேசப்படுவது எல்லா வாடிக்கையாளரையும் பற்றி அன்று, பதிலளித்தவர்களைப் பற்றி என்பதை 'ரெஸ்பாண்டன்ட்ஸ்' காட்டுகிறது. 'வில்' என்பது 'வுட்' ஆனதால் முன்கூட்டிச் சொல்லும் தொனி நீங்கி, கூறியதை அப்படியே ஒப்பிக்கும் தொனி வந்துவிடுகிறது.

இதே காரணத்தால் 'தி சர்வே ப்ரூவ்ஸ்' என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். முடிவு உறுதியாக இருந்தால் 'ஷோஸ்', ஓரளவு உறுதியென்றால் 'இண்டிகேட்ஸ்', நீங்களே ஊகித்தது என்றால் 'சஜெஸ்ட்ஸ்' என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'மே', 'மைட்', 'பெர்ஹாப்ஸ்' என்று அடுக்கினால் உங்களுக்கே நம்பிக்கையில்லை என்று கேட்பவர் நினைப்பார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கச் சொல் போதும்.

கேள்வி: 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லைப் பயன்படுத்தினாலே எங்கள் புள்ளியியல் பிரிவினர் கோபப்படுகிறார்களே?

பொதுப் பேச்சில் அதற்குப் 'பெரிய' என்று பொருள். ஆய்வில், தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு குறைவு என்று பொருள். தற்போக்கில் தேர்ந்த 400 பேரிடம் நடத்திய ஆய்வில், 95 சதவீத நம்பக மட்டத்தில் (இப்படி நூறு முறை ஆய்வு நடத்தினால் சுமார் 95 முறை பொருந்தும் என்ற அளவில்), பிழை எல்லை, அதாவது ஆய்வில் வந்த எண் உண்மை நிலையிலிருந்து மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 5 புள்ளிகள் இருக்கும். 1,000 பேர் என்றால் ஏறத்தாழ 3. அப்படிப்பட்ட இரண்டு 400 பேர் ஆய்வுகளை ஒப்பிடும்போது வேறுபாட்டின் பிழை எல்லை 7 புள்ளிகள் வரை போகும். ஆகவே 49 என்பது 52 ஆனதைச் 'சிக்னிஃபிகன்ட்' என்றால் அவர்கள் கோபம் நியாயமே. 'ப்ராட்லி அன்சேஞ்ச்ட்' என்று சொல்லுங்கள். சோதித்துப் பார்க்காத பெரிய மாற்றத்துக்கு 'மார்க்ட்', 'நோட்டிசபிள்' போன்ற சொற்கள் இருக்கின்றன.

கேள்வி: 'வீ சர்வேட் ஃபைவ் தவுசண்ட் பீப்பிள்' என்று தொடங்கினால் கேட்பவருக்கு நம்பிக்கை வராதா?

வரலாம், ஆனால் எண்ணிக்கை மட்டும் நம்பிக்கைக்குப் போதாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் பதில்களைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்றது; எதிர்த்துப் போட்டியிட்ட ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பதில் அனுப்பியவர்கள் எல்லா வாக்காளர்களையும் பிரதிபலிக்கவில்லை. எத்தனை பேர் என்பதோடு அவர்களை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதையும் ஒரு தொடரில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நெட் ப்ரமோட்டர் ஸ்கோர் 32. அதைத் 'தர்ட்டி டூ பர்சென்ட்' என்று படித்தது பிழையா?

பிழைதான். ஃப்ரெட் ரைக்கெல்ட் 2003-இல் அறிமுகப்படுத்திய இந்த அளவீட்டில், எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்ற கேள்விக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டு, 9 அல்லது 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிக்கிறோம். 50-இலிருந்து 18-ஐக் கழித்தாலும் 32, 40-இலிருந்து 8-ஐக் கழித்தாலும் 32. வருவது −100 முதல் +100 வரையிலான ஒரு மதிப்பெண். 'ப்ளஸ் தர்ட்டி டூ' என்று படியுங்கள். உடனடியாக அந்த இரண்டு சதவீதங்களையும் சொன்னால் இன்னும் நல்லது. இன்னொன்று: 'முழுதும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரையிலான ஐந்து படி அளவுகோலுக்குப் பெயர் தந்தவரை 'லைக்கர்ட்' என்று பலர் படிக்கிறார்கள், சரியான உச்சரிப்பு 'லிக்கர்ட்'.

கேள்வி: கூட்டத்தில் ஒருவர் 'ஐ ஹேவ் டவுட்ஸ் அபவுட் திஸ் நம்பர்' என்றார். நான் அந்த எண்ணின் பொருளை விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது.

நாம் 'டவுட்' என்பதைச் 'சந்தேகம் கேட்பது' என்ற பொருளில், அதாவது விளக்கம் வேண்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். அவர் விளக்கம் கேட்கவில்லை. அந்த எண்ணை நம்பவில்லை என்று சொல்லியிருக்கிறார். அப்போது கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது, எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்பதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். கையில் விவரம் இல்லையென்றால் 'ஐ டோன்ட் ஹேவ் தட் ப்ரேக்டவுன் வித் மீ. ஐ வில் செண்ட் இட் டு யூ டுடே' என்று சொல்லி, அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு விளக்கம் தேவைப்படும்போது 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றே கேளுங்கள்.