ஜீரோ எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்றால் என்ன? பொள்ளாச்சியில் பறிபோன சங்கிலிக்குக் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் புகார் தரலாமா?

தாராளமாகத் தரலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும், பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்கதாக இருந்தால், எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். வழக்கமான வரிசை எண்ணுக்குப் பதில் பூஜ்யம் இடுவதால் இந்தப் பெயர்.

முன்பு இது உள்துறை அமைச்சகத்தின் அறிவுரையாக மட்டும் இருந்தது. அறிவுரையை யார் மதிப்பார்கள்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இதைச் சட்டமாக்கியது. ‘எங்கள் எல்லை இல்லை’ என்று மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிப் பக்கம் கைகாட்டும் நேரத்தில் தடயங்கள் அழிந்துவிடும் என்பதே காரணம். எந்த ஊர்த் தபால்பெட்டியில் போட்டாலும் கடிதம் உரிய முகவரிக்குப் போகிறதல்லவா, அப்படித்தான். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை போலீஸே திருடனைத் தேடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வழக்கு பொள்ளாச்சிக்கு மாற்றப்பட்டு, விசாரணை அங்கேதான் நடக்கும்.