ரீலோடிங் மேசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுட்ட பிறகு தரையில் விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, புது பிரைமரும் (அடி விழுந்ததும் பொறி தரும் சின்ன மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்துத் திரும்பத் தோட்டாவாக்கும் ரீலோடிங், அமெரிக்காவில் பல காலமாக இருக்கும் வீட்டுப் பொழுதுபோக்கு. இலக்குச் சுடுதல் பழகும் நம்மவர்களில் சிலரும் இப்போது இதில் இறங்கியிருக்கிறார்கள். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மேசையைப் பற்றியவை. மருந்தின் அளவு கேட்டவர்கள் மன்னிக்கவும். அதை மருந்து, குண்டு தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். நான் சொல்வதோ நண்பர் சொல்வதோ அதற்கு ஈடாகாது.

கேள்வி: மடக்கு மேசையில் பிரஸ்ஸை (கைப்பிடியை இழுத்துக் கூட்டை அழுத்தும் கருவி) மாட்டினேன். கைப்பிடியை இழுக்கும்போது மேசையே தூக்கிக்கொண்டு வருகிறது. எவ்வளவு கனமான மேசை வாங்க வேண்டும்?

கனத்தைவிட, மேசை எதோடு பிணைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். கூட்டை டைக்குள் (அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் இரும்பு அச்சு) அழுத்தும்போது மேசையின் முன்விளிம்பு கீழே அமுங்கும். அதை வெளியே இழுக்கும்போது அதே விளிம்பு மேலே எழும்பும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இப்படி இரண்டு பக்கமும் ஆட்டினால் மடக்கு மேசை எப்படித் தாங்கும்? அதுவும் துப்பாக்கி ரைபிள் என்றால் கூடு பெரிது, விசையும் அதிகம்.

நான் சொல்வது இதுதான். முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகி ஒன்றரை அங்குலப் பலகையாக்குங்கள். நாலுக்கு நாலு அங்குலக் கட்டைகளைக் கால்களாக வையுங்கள். பின்விளிம்பைச் சுவரின் மரச் சட்டங்களோடு திருகிவிடுங்கள். அமெரிக்க வீடுகளில் அவை பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் இருக்கும். பிரஸ்ஸை மேசையின் நடுவில் வைக்காமல் ஒரு காலுக்கு நேர் மேலே வையுங்கள். மரத்திருகு நாளடைவில் தளர்ந்துவிடும். அதனால் பலகையை ஊடுருவும் போல்ட் போட்டு, அடியில் அகலமான வாஷரோ இரும்புத் தகடோ கொடுத்து முடுக்குங்கள். துகள் பலகை வேண்டவே வேண்டாம், போல்ட் அதை நொறுக்கிவிடும். வாடகை வீடு, சுவரைத் தொட முடியாது என்றால் கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கலாம்.

உட்கார்ந்து வேலை செய்ய 28 முதல் 30 அங்குல உயரம் சரி. நிற்பவர்களுக்கு 36 முதல் 40. கைப்பிடி அடிமட்டத்துக்குப் போகும்போது முதுகு வளையக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

ஆடாத மேசையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கூடு டைக்குள் சிக்குவதும், பிரைமர் கோணலாக உட்காருவதும் முதலில் கையில்தான் தெரியும். மேசை ஆடினால் அந்த உணர்வு கைக்கு வராது. என் முதல் மேசை பழைய கம்ப்யூட்டர் மேசை. ஒருநாள் 40 கூடுகளில் மருந்து போட்டு வைத்துவிட்டு எழுந்தபோது முழங்கால் இடித்து எல்லாம் சரிந்தது. எதிலிருந்து எவ்வளவு சிந்தியது என்று யாருக்குத் தெரியும்? அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அந்த வாரமே அந்த மேசை வீட்டைவிட்டுப் போனது.

கேள்வி: ஒரே இழுப்பில் நாலைந்து வேலை முடிக்கும் புரோகிரஸிவ் பிரஸ்ஸை முதலிலேயே வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஓர் ஆண்டாவது, ஓர் இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றை நிலை பிரஸ்ஸில் பழகுங்கள். இந்த வேலையில் எனக்கு எப்போதும் பயம் தருவது ஒன்றுதான்: ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுவது. 9 எம்.எம். போன்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து கொஞ்சம்தான். சில மருந்துகள் இரண்டு மடங்கு விழுந்தாலும் கூட்டுக்குள் அடங்கிவிடும், வெளியே வழியாது. சுடும்போதுதான் தெரியும், துப்பாக்கி கையிலேயே சிதறும். மருந்தே விழாத கூடு இன்னொரு ஆபத்து. பிரைமரின் வேகத்தில் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடும்.

ஒற்றை நிலை பிரஸ்ஸில் 50 கூடுகளையும் மரக்கட்டைத் தட்டில் வரிசையாக நிறுத்தி மருந்து போடுவோம். குண்டு வைக்கும் முன்பு டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தால் மருந்தின் மட்டம் ஒரே சீராக இருக்கும். ஒன்று ஏறியோ இறங்கியோ இருந்தால் கண்ணுக்கு உடனே படும். அதனால் மேசைக்கு நேர் மேலே நல்ல விளக்கு வையுங்கள். டி.வி., போன், பேச்சுத்துணை எதுவும் அந்த அறையில் வேண்டாம். பாதியில் யாராவது கூப்பிட்டால், எந்தக் கூடு வரை போட்டோம் என்று சந்தேகம் வந்தால், தட்டு முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள்.

கேள்வி: மருந்து நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு நிமிடத்துக்கு ஒரு எண் காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இருக்காது. மருந்தைக் கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறோம். 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நாம் பார்ப்பது கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஆறரை மில்லிகிராம். நகைக்கடைத் தராசு ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று யோசியுங்கள். மின்விசிறிக் காற்று, ஏ.சி. காற்று, பக்கத்தில் கிடக்கும் போன் எல்லாம் அதைக் கலைக்கும். பிரஸ் இருக்கும் மேசையில் தராசை வைக்காமல் சுவரில் தனித் தட்டு அடியுங்கள். அரைமணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். சோதனை எடைக்கல் ஒன்றை அவ்வப்போது வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். மருந்தையும் பிரைமரையும் கராஜில் வைக்கலாமா? எவ்வளவு வைக்கலாம்?

கராஜ் வேண்டாம். கோடை வெப்பத்தில் மருந்து சீக்கிரம் கெடும். வீட்டுக்குள் குளிர்ச்சியான, ஈரமில்லாத, பூட்டக்கூடிய மர அலமாரி நல்லது. இரும்புப் பெட்டகத்தில் பூட்டிவைப்பது பத்திரம் என்று நினைப்பது தவறு. தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் அதுவே வெடிகுண்டாகிவிடும். அமெரிக்கத் தீத் தடுப்பு சங்கத்தின் 495ஆம் நெறிப்படி வீட்டில் புகையில்லா மருந்து (நாம் பயன்படுத்தும் வெடிமருந்து வகை) 20 பவுண்டு வரை அதன் அசல் டப்பாவிலேயே வைக்கலாம். பிரைமர் 10,000 வரை. ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், உங்கள் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். பிரைமரை அதன் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து பாட்டிலில் கொட்டவே கூடாது. ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

கேள்வி: என் கணவர் சாப்பாட்டு மேசையில் வைத்து இந்த வேலையைச் செய்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. நான் சண்டை போடுவது சரிதானே?

முழுக்கச் சரி அம்மா. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டில் அதன் தூசி படிந்திருக்கும். கூடுகளை உலர்ந்த உமி போன்ற தூளில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது அந்தத் தூசிதான் கிளம்பிப் பறக்கிறது. தரையில் விளையாடி விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது நேராகப் போகும். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. 2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவை டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு: வேலையைப் பூட்டக்கூடிய தனி அறைக்கு மாற்றுங்கள். கார்ப்பெட் இல்லாத தரையாக இருக்கட்டும், கார்ப்பெட் தூசியையும் பிரைமரையும் விழுங்கிவிடும். கூட்டைத் தண்ணீரில் போட்டு உருட்டும் முறைக்கு மாறினால் தூசி பறக்காது. அந்தக் கழிவுநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மேசையில் காபி, பிஸ்கட் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். சிந்திய மருந்தை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம், அதன் மோட்டார் பொறி போதும் பற்றவைக்க. தூரிகையும் முறமும் போதும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கவில்லை, நண்பருக்கு உதவியாக ரீலோடிங் மட்டும் செய்யலாமா?

முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமல்ல. வெறும் கூடு, பிரைமர், குண்டு, மருந்து எல்லாமே அதில் அடங்கும். நண்பருக்கு உதவப் போய் உங்கள் விசாவை இழக்காதீர்கள்.

கேள்வி: கோவையில் அப்பாவிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. அங்கே இதைச் செய்யலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் கேட்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது.

கேள்வி: பழைய சாமான் விற்பனையில் அரை டப்பா மருந்து கிடைத்தது. லேபிள் கிழிந்திருக்கிறது, ஆனால் நிறமும் வடிவமும் என்னிடம் இருப்பதைப் போலவேதான்.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத அளவு வேறுபடலாம். பயன்படுத்த வேண்டாம், உங்களிடம் இருப்பதோடு கலக்கவும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் புளித்த அமில வாடையோ செம்பழுப்புப் புகையோ வந்தால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. எப்படி ஒழிப்பது என்று இன்றே தீயணைப்பு நிலையத்தைக் கேளுங்கள். அப்புறம், உங்கள் மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்த இரவே அளவைக் குப்பியில் மீந்ததை அதே டப்பாவில் ஊற்றி மூடிவிடுங்கள்.