சிஆர்எம்மில் ஒரே நினைவூட்டல் பலமுறை போவது ஏன்?

பொள்ளாச்சியில் கயிறு வியாபாரம் செய்யும் நீங்கள், வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் மென்பொருளான சிஆர்எம்மில், விலைப்புள்ளி அனுப்பியதும் வாட்ஸ்அப் செய்தி தானாகப் போகும்படி விதி அமைத்ததாகவும், பாலக்காட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு அது மூன்று முறை போய்விட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

இத்தகைய விதிக்குத் தூண்டும் நிகழ்வு, நிபந்தனை, செயல் என்று மூன்று உறுப்புகள் உண்டு; கோளாறு பெரும்பாலும் முதல் உறுப்பில்தான் இருக்கும். நிகழ்வு 'பதிவு திருத்தப்படும்போது' என்றும், நிபந்தனை 'நிலை: விலைப்புள்ளி அனுப்பப்பட்டது' என்றும் இருந்தால், பிறகு யாரேனும் முகவரியில் பின்கோடின் ஓர் இலக்கத்தைத் திருத்தினாலும், நிபந்தனை அப்போதும் பொருந்துவதால், விதி மீண்டும் இயங்கிவிடும். நானும் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆகவே நிலைப் புலம் (பதிவில் நிலையைக் குறிக்கும் கட்டம்) அந்த மதிப்புக்கு மாறும் கணத்தை மட்டுமே நிகழ்வாக வையுங்கள். ஸோகோ சிஆர்எம்மில் குறிப்பிட்ட புலம் மாறும்போது என்ற தெரிவும், சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மில் நிபந்தனை புதிதாக நிறைவேறும்போது மட்டும் என்ற தெரிவும் இதற்காகவே இருக்கின்றன.

எல்லைக்கு இருபுறமும் விற்பதால் மொழிக்கென ஒரு புலம் சேர்த்து, தமிழுக்கும் மலையாளத்துக்கும் நிபந்தனையைப் பிரித்துவிடுங்கள். வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்திருந்தால் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருவை (செய்தி மாதிரியை) மட்டுமே வாட்ஸ்அப் அனுமதிக்கும் என்பதால், இரு மொழிக்கும் தனித்தனியே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். முதலில் உங்கள் சொந்த எண்ணைப் பதிவில் இட்டு, நிலையை மாற்றி, அதன்பின் முகவரியையும் திருத்திப் பாருங்கள். ஒரே ஒரு செய்தி மட்டும் வந்தால் விதி சரி.