எழுதியது ஒன்று, பேசியது வேறு: சட்டக் கேள்வி பதில்

கேள்வி: சதுர அடிக் கணக்கில் வீடு கட்ட ஒப்பந்தம் போட்டோம். அதே தொகைக்குள் சுற்றுச்சுவரும் கட்டித் தருவதாக கான்ட்ராக்டர் நாலு பேர் முன்னால் சொன்னார். ஒப்பந்தத்தில் அது இல்லை. சாட்சி வைத்து நிரூபிக்கலாமா?

பதில்: சுற்றுச்சுவர் பற்றி ஒப்பந்தம் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் வழி உண்டு. எழுத்தில் வந்துவிட்ட நிபந்தனையை மாற்றவோ கூட்டவோ குறைக்கவோ, கையெழுத்திட்டவர்களுக்குள் வாய்மொழிச் சாட்சியம் எடுபடாது. 1872 சாட்சியச் சட்டத்தில் இது 91, 92ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 94, 95. பத்திரம் பேசாத விஷயத்தில், எழுதியதோடு முரண்படாத தனிப் பேச்சு இதற்கு விலக்கு. ஆனால் வேலைப் பட்டியல் இணைத்து விரிவாக எழுதிய ஒப்பந்தம் என்றால், 'இவ்வளவு எழுதியவர்கள் சுவரை ஏன் விட்டீர்கள்?' என்று நீதிமன்றம் கேட்கும். 'இதுவே முழு ஒப்பந்தம்' என்ற வரி இருந்தால் இன்னும் கடினம்.

கேள்வி: கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரயம் எழுதிப் பதிந்து கொடுத்தோம். பணத்தைத் தந்தால் திருப்பி எழுதித் தருவதாகப் பேச்சு. இப்போது மறுக்கிறார்.

பதில்: வழக்கை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கிரயம்தான், ஆனால் திருப்பித் தருவதாகச் சொன்னார்' என்று எழுதினால், பத்திரத்தில் இல்லாத நிபந்தனையைச் சேர்ப்பதாகிவிடும். அடமானம் என்று வாதிடவும் முடியாது: திரும்பப் பெறும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 58(சி) பிரிவில் 1929இலேயே சேர்த்துவிட்டார்கள். மாறாக, 'இது கிரயமே அல்ல, பெயருக்கு எழுதியது. உண்மையில் நடந்தது கடன்' என்பது உங்கள் வாதமானால் வாய்மொழிச் சாட்சியத்துக்குத் தடையில்லை. கங்காபாய் எதிர் சபுபாய் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

சாட்சியை அனுமதிப்பது வேறு, நம்புவது வேறு. நிலம் இன்னும் உங்கள் அனுபவத்தில் இருப்பது, பட்டா மாறாதது, சந்தை மதிப்பைவிட மிகக் குறைந்த கிரயத் தொகை, வங்கி வழியாகக் கட்டிய வட்டி ஆகியவைதான் வழக்கைத் தாங்கும். தாமதிக்காதீர்கள், பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கு, காரணம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு.

கேள்வி: ஒப்பந்த வாசகம் தெளிவில்லை என்றால் பேசியதைச் சொல்லலாமா?

பதில்: விலை '5 லட்சம் அல்லது 6 லட்சம்' என்று எழுதியிருந்தால் கூடாது; குழப்பம் எழுத்திலேயே தெரிகிறது, அதைச் சாட்சி சொல்லி நிரப்ப முடியாது. 'மேலத்தெரு வீடு' என்று எழுதி, விற்பவருக்கு அங்கே இரண்டு வீடு இருந்தால், எதைக் குறித்தார்கள் என்று தாராளமாகச் சாட்சி சொல்லலாம்.